வாட்ச் கையில சரியா உக்காரலயா? என்ன கோளாறுன்னு பாத்து சரி பண்ற வழி

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துச் சனங்க சாமான் வாங்க வந்து போற டவுன்ல வாட்ச் கவுண்டர்ல உக்காந்திருந்தா, வர்றவங்க முதல்ல சொல்றது "இந்த பெல்ட் சரியில்ல, வேற குடுங்க"ன்னுதான். கழட்டி பாத்தா பெல்ட் நல்லாத்தான் இருக்கும், அளவுதான் தப்பா இருக்கும், நீளம் தப்பு, இல்ல அகலம் தப்பு, இல்ல கைய அளந்த நேரமே தப்பு. இங்க வேலையும் வெயிலும் இருக்குற நெலமைக்கு காலைல ஏசி கடையில நின்னு போட்டுப் பாத்து "சரியா இருக்கு"ன்னு வாங்கிட்டுப் போற பெல்ட் மத்தியானம் தோட்டத்துல சரியா இருக்கும்னு சொல்லவே முடியாது. அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கீழ இருக்குறத ஒரு தடவ பாருங்க, உங்க கோளாறு எந்த தலைப்புல வருதோ அதுக்கு நேரா போயிடலாம், ஆனா முதல் பகுதிய மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, ஏன்னா மத்த எல்லாத்துக்கும் அந்த அளவு வேணும்.

முதல்ல அளவு எடுங்க

மணிக்கட்டு சுத்தளவு. ஒரு ஏ4 தாள்ல நீளவாக்குல ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழிச்சுக்கோங்க, 297 மில்லி நீளம் இருக்கும், யார் கைக்கும் போதும். சுண்டு விரல் பக்கம் மணிக்கட்டுல ஒரு எலும்பு மேடா நிக்கும்ல, அதுக்கு மேல, அதாவது முழங்கை பக்கமா, வாட்ச் நிஜமா எங்க உக்காருமோ அந்த எடத்துல சுத்துங்க. எலும்பு மேலயே சுத்துனா அளவு பெருசா வரும், அப்புறம் வாங்குற பெல்ட் லூசாதான் இருக்கும். தாள் தோல்ல ஒட்டி நிக்கணும், ஆனா தோல அமுக்கக் கூடாது. ரெண்டு ஓரமும் சந்திக்கிற எடத்துல பேனாவால கோடு போட்டு, பிரிச்சு, ரூலர்ல அளங்க. பள்ளிக்கூட ரூலர்ல சில மில்லி வெத்தா விட்டு அதுக்கு அப்புறம்தான் பூஜ்யம் ஆரம்பிக்கும், ஓரத்துலேந்து அளக்காம பூஜ்யத்துலேந்து அளங்க, இது சின்ன விஷயமா தெரியும் ஆனா ஒரு ஓட்டை வித்தியாசம் இதுலயே வந்துடும். நூல் வேணாம், இழுத்தா நீளும். தையல்காரங்க டேப் இருந்தா நல்லது, ஆனா பழசாகி நெகிழ்ந்து போன டேப் வேணாம்.

எப்ப அளக்கணும்? வேலை முடிஞ்சு வந்து, குளிக்கிறதுக்கு முன்னாடி. வெயில்ல நின்ன கை வீங்கும், காலைல இருந்த கையும் மத்தியானம் இருக்குற கையும் ஒரே கை கெடையாது. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அளந்து ரெண்டையும் எழுதி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சாதான் எந்த மாதிரி பெல்ட் உங்களுக்கு ஒத்து வரும்னு சொல்ல முடியும். எந்த கையில வாட்ச் கட்டுறீங்களோ அந்த கைய அளங்க, வேலை செய்யிற கை பெரும்பாலும் கொஞ்சம் பருமனா இருக்கும்.

காது அகலம். வாட்ச் கேஸ்ல, அதாவது வாட்ச்சோட உடம்புல, மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு நாலு காது நீட்டிக்கிட்டு இருக்கும், பெல்ட் அதுக்கு நடுவுலதான் நுழையும். அந்த ரெண்டு காதுக்கும் உள்பக்கம் எவ்வளவு இடைவெளின்னு அளக்கணும். ஆம்பளைங்க வாட்ச்ல பொதுவா 18, 20, 22, பெரிய கேஸ்னா 24, பொம்பளைங்க வாட்ச்ல 12, 14, 16. 19, 21 கூட இருக்கு, அதனால "20 மாதிரி இருக்கு"ன்னு கண்ணால சொல்லாதீங்க.

பழைய பெல்ட்டோட நீளம். பக்கிள் இருக்குற துண்ட பக்கிள விட்டுட்டு அளங்க, ஓட்டை இருக்குற துண்ட நுனி வரைக்கும் அளங்க. கடையில சாதாரணமா கெடைக்கிறது 75க்கு 115, அதாவது பக்கிள் துண்டு 75 மில்லி, ஓட்டை துண்டு 115 மில்லி, இல்ல 75க்கு 120. சின்ன கைக்கு 65க்கு 105, 70க்கு 110ன்னு வரும், பெரிய கைக்கு 80க்கு 130 மாதிரி. அதோட நீங்க எந்த ஓட்டையில மாட்டுறீங்கன்னும் பாத்து வெச்சுக்கோங்க, பழைய பெல்ட்ல அந்த ஓட்டை மட்டும் நீண்டு, அதுக்குப் பக்கத்துல மடிப்பு விழுந்திருக்கும், அதுதான் உங்க கை சொல்ற உண்மையான அளவு.

"வாட்ச் கையச் சுத்திக்கிட்டு உள்பக்கம் போயிடுது"

முதல்ல ஒரு ஓட்டை இறுக்கி பாருங்க, செலவே இல்லாத வழி. இறுக்குனதும் சுண்டு விரல் நுனி பெல்ட்டுக்கு அடியில நுழையணும், நுழையலன்னா அது இறுக்கம். செயின் வாட்ச்னா கையத் தொங்க போட்டா ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகரலாம், அதுக்கு மேல நகர்ந்தா லூசு.

இறுக்குனதுக்கு அப்புறமும் சுத்துதுன்னா எந்த எடத்துல கட்டுறீங்கன்னு பாருங்க. எலும்பு மேட்டுக்கு கீழ, உள்ளங்கை பக்கமா கட்டுனா எப்பவும் நழுவும், அதோட கீ குடுக்குற திருகு கைய மடக்கும்போதெல்லாம் புறங்கையில குத்தும். எலும்புக்கு மேல ஏத்தி கட்டுங்க, நெறைய பேருக்கு அதுவே போதும்.

அப்பவும் சுத்துனா வாட்ச் தலை கனமா இருக்கா, பெல்ட் மெல்லிசா இருக்கான்னு பாருங்க. கனமான ஸ்டீல் கேசுக்கு மெல்லிசான லெதர் பெல்ட் போட்டா தலை ஒரு பக்கமா சாஞ்சுகிட்டே இருக்கும், கொஞ்சம் தடியான பெல்ட் மாத்துனா நிக்கும்.

கடைசியா, செலவு அதிகமா வர்றது: கேஸே கைக்கு பெருசா இருக்குறது. கைய மேசை மேல குப்புற வெச்சு மணிக்கட்டோட மேல்பக்கம் தட்டையா இருக்குற அகலத்த ரூலர்ல அளங்க. அப்புறம் வாட்ச்ல மேல் காது நுனிலேந்து கீழ் காது நுனி வரைக்கும் அளங்க. காது நீளம் கை அகலத்த விட அதிகமா இருந்தா பெல்ட் ரெண்டு பக்கமும் கைய தொடாம செங்குத்தா கீழ எறங்கும், நடுவுல வெளிச்சம் தெரியும். எந்த பெல்ட் மாத்துனாலும் இது சரியாகாது. சின்ன வாட்ச்தான் வழி, இத சொல்றப்ப சில பேருக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஆனா பெல்ட் மேல பெல்ட்டா வாங்கி காச வீணாக்குறத விட முன்னாடியே சொல்லிடறது நல்லது.

"காலைல சரியா இருக்கு, மத்தியானம் கைய நெருக்குது"

எங்க ஊர்ல அதிகமா கேக்குற புகார் இதுதான். ரப்பர் மரத்துல பால் வெட்ட விடியறதுக்கு முன்னாடியே கெளம்புறவங்க குளிர்ல பெல்ட்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு போவாங்க, வெயில் ஏறுனதும் கை உப்பும், கையில கத்தியும் வாளியும் இருக்கும்போது யாரு நின்னு ஓட்டை மாத்துவாங்க?

சுலபமான வழி, சாயங்கால அளவுக்கு ஓட்டைய முடிவு பண்றது. காலைல கொஞ்சம் லூசா தெரிஞ்சாலும் பரவால்ல. அது ஒத்து வரலன்னா, அதாவது காலைக்கும் சாயங்காலத்துக்கும் அஞ்சு மில்லி மாதிரி வித்தியாசம் வருதுன்னா, ஓட்டை இல்லாத பெல்ட் பாருங்க. ஒட்டிப் பிரிக்கிற நைலான் பெல்ட் இருக்கு, ஒத்தக் கையால தளர்த்திடலாம், துவைச்சும் போடலாம். ஸ்டீல் வலை மாதிரி பின்னுன பெல்ட்லயும் லாக்க நகத்தி நகத்தி எந்த அளவுலயும் நிறுத்தலாம், ஆனா தோட்ட வேலைக்கு அது வேணாம், அழுக்கு புகுந்துச்சுன்னா எடுக்குறது கஷ்டம்.

செயின் வாட்ச்னா லாக்கோட பக்கவாட்ட பாருங்க, வரிசையா சின்ன சின்ன ஓட்டை இருக்கும். அதுல ஸ்பிரிங் பின்ன ஒரு ஊசிமுனையால அமுக்கி அடுத்த ஓட்டைக்கு நகத்துனா சில மில்லி கூடும் இல்ல கொறையும். கண்ணி கழட்டவே வேணாம். பல வருஷமா அந்த வாட்ச கட்டுறவங்களுக்கே இந்த ஓட்டை எதுக்குன்னு தெரியாது, நகத்தி குடுத்தா "இவ்வளவுதானா"ன்னு முகம் மலர்ந்துடும்.

இன்னொரு கிளை இருக்கு, தயவு செஞ்சு தள்ளி விடாதீங்க. வெயில்ல நிக்காத நாள்லயும் கை வீங்குது, மோதிரமும் இறுக்குது, காலும் சேந்து வீங்குது, விரலால அமுக்குனா குழி விழுந்து மெதுவா எழும்புதுன்னா அது பெல்ட் விஷயம் இல்ல, கிளினிக்குக்கு போங்க. புள்ளத்தாச்சியா இருக்குறவங்களுக்கு கை, முகம் திடீர்னு வீங்கி கூடவே தலைவலியோ கண்ணு மங்கலோ இருந்தா அன்னைக்கே போகணும், நாளைக்குன்னு வைக்கக் கூடாது. ஒரே ஒரு கை மட்டும் காரணமில்லாம வீங்குனாலும் அதே மாதிரி.

"ஒரு ஓட்டை லூசு, அடுத்த ஓட்டை டைட்டு"

லெதர் பெல்ட்ல ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல 6, 7 மில்லி இருக்கும், உங்க கை அந்த நடுவுல விழுந்திருக்கு, அவ்வளவுதான். ரெண்டு வழி. ஒன்னு, நடுவுல புதுசா ஒரு ஓட்டை குத்துறது. 2 மில்லி வட்டமா குத்துற பிளையர் செருப்பு தைக்கிறவங்ககிட்ட இருக்கும், அத வெச்சு குத்தச் சொல்லுங்க. ஆணியாலயோ கத்தி முனையாலயோ குத்தாதீங்க, வட்டமா இல்லாத ஓட்டைல ஓரம் பிளந்துகிட்டே போகும், ஒரு நாள் அந்த எடத்துலயே பெல்ட் அறுந்துடும். ரெண்டு ஓட்டைக்கு நடுவுல ரொம்ப நெருக்கமா வந்தாலும் அதே கதிதான், அப்ப ஓட்டை குத்துறத விட்டுட்டு ரெண்டாவது வழிக்கு வாங்க: பக்கிள் துண்டு 5 மில்லி குட்டையா இல்ல நீளமா இருக்குற பெல்ட் வாங்குறது. அதுல ஓட்டை எல்லாமே உங்க கையில வேற எடத்துக்கு நகர்ந்துடும். சிலிகான் பெல்ட்லயும் ரெசின் பெல்ட்லயும் ஓட்டை குத்தவே வேணாம், அங்கேந்தே கிழியும்.

"வால் நீட்டிக்கிட்டு நிக்குது" இல்லன்னா "கடைசி ஓட்டையே பத்தல"

பெல்ட் நல்லா பொருந்தியிருக்குன்னா நடு ஓட்டையில இல்ல அதுக்கு ஒன்னு முன்ன பின்ன மாட்டணும், நுனி ரெண்டாவது லூப்ப (நுனிய சொருகுற வளையத்த) தாண்டி கொஞ்சமா வெளிய தெரியணும். முதல் ஓட்டைல மாட்டுறவங்களுக்கு நுனி கையச் சுத்தி மறுபக்கம் வரைக்கும் போகும், செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைலயோ மோட்டார் ஹேண்டில்லயோ மாட்டி இழுக்கும்.

லூப் பிஞ்சு போயிருந்தா முதல்ல அத மாத்துங்க, ரப்பர் லூப் தனியாவே கெடைக்கும். பெல்ட்டே நீளம்னா கணக்கு போட்டு வாங்குங்க, கணக்கு இப்படி: மணிக்கட்டு சுத்தளவுலேந்து வாட்ச்சோட அடிப்பக்கம் மேல் பின்னுக்கும் கீழ் பின்னுக்கும் (பெல்ட்ட காதுல மாட்டுற சின்ன கம்பி) நடுவுல இருக்குற தூரத்த கழிங்க, அப்புறம் பக்கிள் துண்டு நீளத்தக் கழிங்க, மிச்சம் வர்றதோட ஒரு 5 மில்லி சேருங்க, பெல்ட்டோட தடிப்புக்கும் காத்து போறதுக்கும். வர்ற எண்தான் நீளத் துண்டுல காதுலேந்து எத்தனாவது மில்லில உங்க ஓட்டை இருக்கணும்ங்கிறது. ஒரு அக்காவுக்கு போட்ட கணக்கு: கை 155, பின்னுக்கு பின் 36, பக்கிள் துண்டு 75. 155ல 36 போனா 119, அதுல 75 போனா 44, 5 சேத்தா 49. அவங்க பெல்ட்ல முதல் ஓட்டையே 52 மில்லில இருந்துச்சு. "தம்பி, எந்த பெல்ட் வாங்குனாலும் எனக்கு தொங்குது, என் கைதான் ஒல்லியோ"ன்னு கேட்டாங்க. கை மேல ஒரு தப்பும் இல்லக்கா, பெல்ட்தான் உங்க கைக்கு செஞ்சது இல்லன்னு 65க்கு 105 ஒன்னு எடுத்து குடுத்தோம், பக்கிள் துண்டு பத்து மில்லி கொறைஞ்சதும் கணக்கு 59க்கு வந்துச்சு, ரெண்டாவது மூணாவது ஓட்டைல அழகா உக்காந்துடுச்சு.

கடைசி ஓட்டையும் பத்தலன்னா நீளமான பெல்ட், இல்லன்னா ஒரே துண்டா வாட்ச்சுக்கு அடியில பூந்து போற நைலான் பெல்ட், அது 270, 280 மில்லி நீளத்துக்கு வரும். ஒன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, அது அடியில போறதால வாட்ச் ஒன்னு ரெண்டு மில்லி ஒசந்து நிக்கும்.

"பெல்ட் காதுக்கு நடுவுல ஆடுது" இல்லன்னா "நுழையவே மாட்டேங்குது"

இது நீளம் இல்ல, அகலம். காது 20, பெல்ட் 18னு வாங்கியிருப்பீங்க, ரெண்டு பக்கமும் ஒரு மில்லி சந்து தெரியும், பெல்ட் இடம் வலம் நகர நகர ஸ்பிரிங் பின் வளையும், அந்த பின்தான் அப்புறம் விட்டுக் குடுக்கும். 20க்கு 19 போட்டா பாக்க அவ்வளவு நல்லா இருக்காதே தவிர ஆபத்து இல்ல. மாறா 19 காதுக்கு 20 லெதர் பெல்ட்ட அமுக்கி நுழைச்சிடலாம், ஓரம் கொஞ்சம் சுருங்கும். சிலிகான்னா பிதுங்கி நிக்கும். செயின்னா நுழைக்கவே பாக்காதீங்க, காது கீறும்.

காதுக்கு நடுவுல நேரான பெல்ட்டே நுழையாத மாதிரி ஒரு பள்ளமோ மேடோ இருந்தா, அது அந்த மாடலுக்குன்னே செஞ்ச பெல்ட். ஜி-ஷாக் மாதிரி வாட்ச்ல நெறைய அப்படித்தான். மாடல் நம்பர் பின் மூடில பொறிச்சிருக்கும், அத ஒரு போட்டோ எடுத்துட்டு அதே நம்பருக்கு உள்ள பெல்ட் தேடுங்க. அறுத்து, சீவி பொருத்துற வேலை வேணாம்.

"பின் கழண்டு வாட்ச் கீழ விழுந்துடுச்சு"

கண்ணாடி தப்பிச்சிருந்தா நல்ல நேரம். பின்ன எடுத்து பாருங்க, ரெண்டு முனையையும் விரலால அமுக்குனா உள்ள போயி டக்குனு வெளிய வரணும். வரலன்னா ஸ்பிரிங் செத்துடுச்சு, புது பின் போடுங்க, மாத்துறப்ப ரெண்டு பக்கமும் சேத்தே மாத்திடுங்க, ஒன்னு போனா அடுத்தது போக ரொம்ப நாள் ஆகாது. வேர்வை உப்பு ஏறி ஏறித்தான் இது துரு பிடிக்குது, தோட்ட வேலைக்காரங்க வாட்ச்ல பின் காதுக்குள்ளயே துருவோட ஒட்டிக்கிட்டு இருக்குறத அடிக்கடி பாக்கலாம்.

பின் நல்லா இருக்குன்னா அளவு தப்பா இருக்கும். 22 காதுல 20 பின் போட்டா மாட்டுன மாதிரி தெரியும், முனை மட்டும்தான் பிடிச்சிருக்கும். தடிப்பும் பாக்கணும், ஒன்றரை மில்லி பின்னும் இருக்கு, 1.8 மில்லி பின்னும் இருக்கு, கனமான வாட்ச்சுக்கு காது ஓட்டை எவ்வளவு தடிப்ப ஏத்துக்குமோ அவ்வளவு தடிப்பு போடுங்க. புது பின் போட்டதும் ரெண்டு கையாலயும் பெல்ட்ட நல்லா இழுத்து, இடம் வலமா ஆட்டி பாருங்க, முனை ஓட்டைல விழுந்தா சின்னதா ஒரு சத்தம் கேக்கும். நம்பிக்கை இல்லாம வெளிய கட்டிக்கிட்டு போக வேணாம்.

செம்பனைக் குலை வெட்டுறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். உளில குத்துற ஒவ்வொரு குத்துலயும் அதிர்ச்சி கைக்கு வருது, சாதாரண ரெண்டு துண்டு பெல்ட்ல ஒரு பின் விட்டா வாட்ச் காட்டுல எங்க விழுந்துச்சுன்னே தெரியாது. ஒரே துண்டு நைலான் பெல்ட்ல ஒரு பின் போனாலும் இன்னொரு பின்ல வாட்ச் தொங்கிக்கிட்டு இருக்கும். வேலைக்கு கட்டுற வாட்ச்சுக்கு அதத்தான் மனசார சொல்லுவேன். மில்லுல மெஷின் பக்கத்துல நிக்கிறவங்க மட்டும் எந்த வாட்ச்சும் கட்டாம கழட்டி பாக்கெட்ல வெச்சுக்கோங்க, சுத்துற மெஷின்ல பெல்ட் மாட்டுனா கையோட இழுத்துடும்.

கடைக்கு எப்ப போகணும்: பின் துருவுல இறுகி வரவே மாட்டேங்குதுன்னா, காது ஓட்டை பெருசாகியிருந்தா, காதே வளைஞ்சிருந்தா. வீட்ல குறடு வெச்சு இழுத்தா கேஸ் போயிடும்.

"செயின் முடிய பிடிச்சு இழுக்குது, லாக் ஒரு பக்கமா நிக்குது"

முடிய இழுக்குறது பெரும்பாலும் லூசுனாலதான், கண்ணி முன்ன பின்ன உருளும்போது நடுவுல முடி சிக்கும். முதல்ல பழைய டூத் பிரஷ், சோப்பு தண்ணி வெச்சு செயின மட்டும் கழட்டி கழுவுங்க, காஞ்ச அழுக்கு போனாலே பாதி சரியாகும். அப்புறம் லாக்ல இருக்குற சின்ன ஓட்டைல ஒன்னு இறுக்கி பாருங்க. அதுவும் முடிஞ்சா கண்ணி கழட்டணும்.

கண்ணி எத்தனை எடுக்கணும்? வாட்ச கையில போட்டு, லாக்குக்கு பக்கத்துல மிச்சமா இருக்குறத விரலால மடிச்சு பிடிச்சு, எத்தனை கண்ணி ஒன்னு மேல ஒன்னு வருதுன்னு எண்ணுங்க. ரெண்டு வந்தா 12 மணி பக்கம் ஒன்னு, 6 மணி பக்கம் ஒன்னு எடுக்கணும். ஒரே பக்கம் ரெண்டும் எடுத்தா லாக் மணிக்கட்டுக்கு நடுவுல வராம ஓரமா ஏறி எலும்புல அழுத்தும், லாக் சாஞ்சு நிக்கிற புகார் எல்லாம் இதுலேந்துதான் வருது. ஒத்தப்படைல வந்தா, எந்த பக்கம் எடுத்தா லாக் நடுவுக்கு வருதோ அந்த பக்கம்.

கண்ணியோட உள்பக்கம் அம்புக்குறி இருந்தா அந்த திசைல பின்ன தட்டி வெளிய எடுங்க, திருப்பி போடும்போது எதிர் திசைல, பிளந்த முனை கடைசியா போற மாதிரி. தட்டுறப்ப கீழ வெள்ளைத் துணி விரிச்சுக்கோங்க, ஏன்னா சீக்கோ மாதிரி சில செயின்ல பின்னோட சேந்து பொடிசா ஒரு குழாய் இருக்கும், அரிசி உடைஞ்ச குருணை அளவுதான், அது தொலைஞ்சா பின் நிக்காம தானா எறங்கிடும். எடுத்த கண்ணிய தூக்கிப் போடாதீங்க, ஒடம்பு ஏறலாம், புள்ளைக்கு குடுக்கலாம், அதே மாதிரி கண்ணி அப்புறம் கெடைக்காது.

ஸ்குரூ போட்ட கண்ணினாலும், தங்க முலாம் பூசுனதுனாலும், அப்பா தாத்தா வெச்சிருந்த பழைய டைட்டோனி, சீக்கோவோட மடிப்புச் செயினாலும் கடைக்கு கொண்டு போங்க. ஸ்குரூ தலை ஒரு தடவ வழுக்கிடுச்சுன்னா அப்புறம் ஈப்போ மாதிரி பெரிய ஊருக்கு எடுத்துட்டு போயி துளை போட்டுத்தான் எடுக்கணும்.

"பெல்ட் போட்ட எடத்துல அரிக்குது, தடிக்குது"

எந்த எடத்துல அரிக்குதுன்னு பாத்தாலே பாதி விடை கெடைச்சிடும்.

பெல்ட் படுற எடம் முழுக்க சிவந்து ஈரமா இருந்தா, வேர்வையும் சோப்பும் அடைஞ்சு கெடக்குது. கொஞ்ச நாள் கழட்டி வைங்க, பெல்ட்ட கழுவி நல்லா காய வைங்க, அதுக்கு அப்புறம் ஒரு ஓட்டை தளர்த்தி கட்டுங்க. குளிக்கும்போது கழட்டிடுங்க. சிலிகான் பெல்ட் வேர்வைய உறிஞ்சாது, வெளியவும் விடாது, அதனால ஓட்டை ஓட்டையா காத்து போறது பாருங்க. லெதர் இந்த வெப்பத்துக்கு உறிஞ்சி உறிஞ்சி நாறும், தினமும் வேலைக்கு வேணாம், கோயில் கல்யாணத்துக்கு வெச்சுக்கோங்க. பால் வெட்டுறவங்களுக்கு லெதர் இன்னும் மோசம், ரப்பர் பால் ஓட்டைக்குள்ள பூந்து உறைஞ்சு பக்கிள் முள்ளே நுழையாத அளவுக்கு அடைச்சிடும்.

பக்கிள் படுற எடத்துல மட்டும், இல்ல பின் மூடி அளவுக்கு வட்டமா அரிச்சா நிக்கல் ஒத்துக்காம இருக்கலாம். மலிவு கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுற ஆளுங்களுக்கு இது வர வாய்ப்பு ஜாஸ்தி. டைட்டானியம் பக்கிள், இல்ல உலோகமே தோல்ல படாத நைலான் பெல்ட்டுக்கு மாறுங்க.

பெல்ட்டே பிசுபிசுன்னு ஆகி பளபளப்பு போயிருந்தா கொசு மருந்து காரணமா இருக்கலாம். டீட் (DEET)னு போத்தல்ல எழுதியிருக்குற மருந்து சில வகை பிளாஸ்டிக்க கரைக்கும், ரெசின் பெல்ட்டும் வாட்ச் கண்ணாடி பிளாஸ்டிக்கா இருந்தா அதுவும் கெட்டுப் போகும். மருந்து தடவி, தோல் காஞ்சு, கைய கழுவுன பிறகு வாட்ச் கட்டுங்க.

கழட்டி வெச்சு ரெண்டு வாரத்துல ஆறலன்னா, நீர் வடிஞ்சா, வெடிச்சா, தடிப்பு பெல்ட் படாத எடத்துக்கும் பரவுனா டாக்டர்கிட்ட காட்டுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்த களிம்ப தடவிக்கிட்டு மாசக்கணக்குல இழுக்காதீங்க.

"விரல் மரத்துப் போகுது"

எந்த விரல்னு கவனிங்க. கட்டை விரலுக்குப் பின்னாடி, புறங்கை பக்கம் எரிச்சலோ மதமதப்போ இருந்தா, இறுக்கமான பெல்ட் அந்த ஓரமா தோலுக்கு ரொம்ப பக்கத்துல ஓடுற நரம்ப அமுக்குது. வாட்ச கழட்டிடுங்க, தளர்த்துறது போதாது, முழுசா கழட்டி வைங்க. மதமதப்பு போன பிறகு கட்டுறப்ப வேற கையில கட்டுங்க, சுண்டு விரல் நுழையிற அளவுக்கு.

உள்ளங்கை பக்கம் கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்து, ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுது, கைய ஒதறுனா கொஞ்சம் தேவலாம்னு இருக்குன்னா அது வேற நரம்பு, பெல்ட் காரணம்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேணாம். கருவிய அழுத்திப் பிடிச்சு, அதிர்ச்சி வாங்குற வேலை செய்யிறவங்களுக்கு இது வரும். பிடி தளர்ந்து சாமான் கைலேந்து நழுவ ஆரம்பிச்சா சீக்கிரம் போயி பாருங்க.

"ஸ்மார்ட் வாட்ச் நெஞ்சுத் துடிப்ப தப்பா காட்டுது"

அடியில இருக்குற பச்சை வெளிச்சம் தோல்ல ஒட்டி இருந்தாத்தான் அது சரியா எண்ணும், சந்து வழியா வெளி வெளிச்சம் பூந்தா எண்ணிக்கை தாறுமாறா வரும். அடிப்பக்கத்த ஈரத்துணியால தொடைங்க, எலும்புக்கு ஒரு விரல் மேல ஏத்தி கட்டுங்க, நடக்கும்போது மட்டும் ஒரு ஓட்டை இறுக்கிட்டு வீட்டுக்கு வந்ததும் தளர்த்திடுங்க. நாள் முழுக்க இறுக்கி வெச்சா மேல சொன்ன அரிப்புதான் வரும். அதுக்கும் சரியாகலன்னா கூட வந்த பெல்ட் உங்க கைக்கு நீளமா இருக்கும், காது அகலம் பாத்து குட்டை பெல்ட் வாங்கலாம், 20ம் 22ம் எல்லா எடத்துலயும் கெடைக்குது.

"ஆன்லைன்ல வாங்குனது பொருந்தல"

விளம்பரத்துல போட்டிருக்குற நீளம் பக்கிள சேத்தா, சேக்காமலான்னு கேட்டுட்டு வாங்குங்க, சேத்து சொன்னா நெசமான நீளம் கொறைவா வரும். "எல்லா கைக்கும் பொருந்தும்"னு எழுதியிருந்தா அத விட்டுத் தள்ளிட்டு ரெண்டு துண்டோட தனித்தனி நீளத்தயும் முதல் ஓட்டை கடைசி ஓட்டை எங்க இருக்குங்கிறதயும் கேளுங்க, தெரியாதுன்னு பதில் வந்தா வேற ஆள்கிட்ட வாங்குங்க. வந்த பெல்ட்ட வாட்ச்ல மாட்டுறதுக்கு முன்னாடி ரூலர்ல வெச்சு அளந்து பாருங்க, ஒரு தடவ மாட்டி மடிப்பு விழுந்துட்டா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தைல) வாங்குறவங்க பழைய பெல்ட்டயும், கை அளந்து கோடு போட்ட அந்த தாள் துண்டயும் பர்ஸ்ல மடிச்சு வெச்சு எடுத்துட்டு போங்க, விளக்கு வெளிச்சத்துல கண்ணால பாத்து எடுக்குறத விட ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா அங்கேயே தெரிஞ்சிடும்.